கரைக்கு முன்னால் விட்ட நிலம்

இந்த வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் என் மனைவிக்குக் கடலோரத்தில் நிலம் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு அடித்தேன். செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு டயாலிசிஸ். அந்த நாட்களில் வீடு திரும்பினால் கண்ணைத் திறக்க மாட்டாள். ஆகவே அது புதன்தான்.

அந்த நிலம் இந்தப் பூமியில் இல்லை. கணினிக்குள் ஓர் உலகம் இருக்கிறது. பல நாட்டு மனிதர்கள் அங்கே ஆளுக்கோர் உருவத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள், நிஜப் பணம் கொடுத்து நிலம் வாங்கி வீடு கட்டுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் தம்பிதான் எனக்கு இதைச் சொன்னது. வாங்கப் போகிறேன் என்றதும் கேலி செய்ததும் அவனே.

"மச்சான், ஈப்போவுல நாலாவது மாடி பிளாட்டு, அதுவும் வாடகை. அங்க கடலோரம் பங்களாவா? டத்தோ பட்டம் எப்ப வாங்கப் போறீங்க?"

டத்தோ என்பது இங்கே மலேசியாவில் சுல்தான் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டம். நான் சிரிக்கவில்லை. தீபாவளிக்கு முன் சர்க்கரை நோயில் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லிப்ட் பாதி நாள் ஓடாது. டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகும் வேன் ஆட்கள் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். வாரத்துக்கு மூன்று சாமி புறப்பாடு என்று முதலில் அவளே சொல்லிச் சிரித்தாள். மார்கழியில் சிரிப்பு நின்றது. "போதும்லா, என்னைய விட்டுருங்க" என்று சொல்லத் தொடங்கினாள். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை.

அவள் பிறந்தது பாகான் டத்தோவில், கடலை ஒட்டிய தென்னந்தோட்டத்தில். என்னைக் கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வந்தாள். அந்தத் தோட்டத்தை முதலாளிகள் வீடு கட்ட விற்ற பிறகு இந்த மாடிக்கு ஏறினோம். இத்தனை வருடத்தில் அவள் ஏங்கியது கடல் ஒன்றுக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை லூமுட் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். கடலைப் பார்ப்பதற்கு முன்பே, வழியில் சித்தியவானில், ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிட்டாள். இனி நீண்ட பயணம் கூடாது என்றார்கள். அதன் பிறகுதான் இந்த நிலம்.

விற்பனைக்கு இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றின் விளிம்பில் அலை வந்து தொட்டது; என் கண் முதலில் போனது அதன்மேல்தான். மற்றதற்கும் தண்ணீருக்கும் இடையே யாரும் வாங்காத புல்தரை ஒரு பட்டையாகக் கிடந்தது. கட்டிலில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணி வாயில வாங்காதீங்க. முன்னால எடம் விட்டுத்தான் வாங்கணும்."

அவள் ஊரில் கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே மண்கரை இருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். ஒருமுறை கரை உடைந்து உப்புத் தண்ணீர் புகுந்தபோது தென்னைகள் நின்றபடியே காய்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான் நிறையப் படிக்கிறவன். கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். எனக்கும் அவள் சொன்னது முழு நியாயமாகப் பட்டது. உள்ளே தள்ளியிருந்த துண்டையே வாங்கினோம்.

பலகை வீடு, தகரக் கூரை, வாசலில் ஒரு தென்னை. எல்லாம் அவள் சொன்னபடி. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஒரே விரலால் விசையை அழுத்தி, இரண்டு கால்களோடு அந்தப் புல்தரையைக் கடந்து தண்ணீர்வரை நடப்பாள். வேன் வரும் நாட்களில் முரண்டு பிடிப்பது நின்றது. தாதியிடம் தனக்குக் கடலோரத்தில் நிலம் இருக்கிறது என்று சொன்னாளாம். தாதி எந்த ஊரில் என்று கேட்க, "தூரம்லா" என்றாளாம்.

சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை திறந்தபோது கடல் இல்லை. புல்தரையை யாரோ ஒருவன் வாங்கி, எங்கள் தென்னையைவிட உயரமாகச் சாம்பல்நிறச் சுவர் எழுப்பியிருந்தான். நாங்கள் நடக்கவும் வழியில்லை. அவள் விரல் விசைமேல் அப்படியே இருந்தது.

சுவர்க்காரனுக்கு எழுதினேன். மனைவியின் நிலைமையைச் சொன்னேன். எல்லாரும் நோயாளி மனைவியைத்தான் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. கூடவே, என்னால் நினைத்தும் பார்க்க முடியாத ஒரு விலை. அந்த உலகத்தை நடத்துகிறவர்களுக்கும் எழுதினேன். அவர் நிலத்தில் அவர் கட்டியிருக்கிறார் என்றார்கள். அதில் என்ன குற்றம் சொல்ல முடியும்? அந்தக் கடலில் தண்ணீர் ஒருபோதும் ஏறாது. இடம் விட்டு வாங்கியது, நிஜக் கடலை அறிந்த நாங்கள் இருவர் மட்டும்தான்.

அடுத்த செவ்வாய் காலை வேன் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவள் எழவில்லை.

"நான்தான் கெடுத்தேன்," என்றாள். "நீங்க ஓரத்துல உள்ளததான் பாத்தீங்க."

"நீ சொன்னது தப்பே இல்ல."

"அவங்கள போகச் சொல்லுங்க."

ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த நோயாளி காத்திருப்பார். யோசிக்காமல் வாய் பேசிவிட்டது.

"அந்த ஆளு விக்கிறேன்னுட்டான். சுவரு போயிரும்."

"நெசமாவா?"

"நெசமா."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

இப்போது ஆடி. சுவர் அங்கேயேதான் இருக்கிறது. அவள் கணினியைத் திறக்கச் சொல்வதில்லை, எல்லாம் முடிந்ததும் காட்டுங்கள் என்கிறாள். ஒவ்வொரு வாரமும் நான் ஒரு காரணம் சொல்கிறேன். போன வியாழன் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்காலியை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்து மூடியதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

கிராண்ட் என்று நாங்கள் சொல்லும் நிலப் பத்திரத்துக்காகவே காத்திருந்து செத்தவர்கள் எங்கள் தோட்டங்களில் உண்டு. அவளுடைய அப்பாவும் அப்படித்தான்.

"அவசரப்படுத்தாதீங்க," என்றாள். "நெலம்னா கிராண்டு பேரு மாத்த நாளாகும்லா."

ஆமாம், நாளாகும் என்றேன். அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.