மஞ்சள் கயிறும் மேரியில் போட்ட கையெழுத்தும்

இருபத்தொரு வயது முடிந்த வாரத்திலேயே சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது நான் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சை தேறி, முதலியார்பேட்டையிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அப்பா மில்லில் கைநாட்டுக்குப் பெருவிரலைத்தான் நீட்டுவார். அதனால் கையெழுத்துப் போடுவது என்றால் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கூப்பிட்டது அடுத்த வீட்டு அக்கா. அவள் புருஷன் பிரெஞ்சுப் படையில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து இந்தோசீனாவில் செத்துப்போனவர். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு வருஷம் ஆகியும் அவளுக்கு விதவைப் பென்சன் வந்துகொண்டிருந்தது. அவள் மகள் பள்ளிக்கூடம் போவது அதை வைத்துத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, கையெழுத்துப் போடத் தெரிந்த இரண்டு சாட்சிகளை மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, அவள் கூட்டிப்போக வேண்டும். கைநாட்டு செல்லாது. தெருக்கோடியில் இருந்த பழைய சொல்தா தாத்தா ஒரு சாட்சி. மற்றவர் காரைக்காலுக்கு மகள் வீட்டோடு போய்விட்டதால் அந்த இடம் எனக்கு வந்தது.

அக்கா ஒரு கொத்தனாரோடு குடும்பம் நடத்தினாள். எங்கள் பக்கம் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. தாலி அறுத்தவள் இன்னொருவர் கையால் கட்டிக்கொண்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கட்டிக்கொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தால்தான் குழாயடியில் குடம் வைக்க இடம் கிடைக்காது. ஓர் ஆடி மாதம் இருவரும் வீராம்பட்டினம் திருவிழாவுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. அம்மன் சன்னிதியில் கட்டியதாகச் சொன்னார்கள். தெருப் பெண்கள் ஆலம் சுற்றி உள்ளே அழைத்தார்கள். அன்றோடு பேச்சு அடங்கியது.

மேரியில் கிளார்க் நீட்டிய தாளில் தாத்தா கண்ணாடியைக்கூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷமும் அப்படித்தான் போட்டிருப்பார் போலிருக்கிறது. நான் பிரெஞ்சு படித்தவள். முதல் வரியிலிருந்து வாசித்தேன். இந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று சாட்சிகள் உறுதி சொல்கிறார்கள். சரி. அடுத்த வரி, இவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் உறுதி சொல்கிறார்கள் என்றது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

“இன்னாம்மா, பேனா எழுதலயா?” என்றார் கிளார்க்.

“மத்மசேல் பாடம் திருத்துறாங்க, முசே. கொஞ்சம் பொறுங்க” என்று தாத்தா கிண்டல் செய்தார்.

அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிவந்தாள். எதிரே கடல். காற்றில் அவள் முந்தானை பறக்காமல் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

என் வாழ்வின் முதல் சாட்சிக் கையெழுத்தைப் பொய்க்குப் போட முடியாது என்று சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். சொல்லும்போதே, போடாவிட்டால் அந்தச் சின்னப் பெண்ணின் படிப்பு என்ன ஆகும் என்ற நினைப்பும் வந்தது. ஆனாலும் குரலை இறக்கவில்லை.

அவள் சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “அவரு எனக்குத் தாலி கட்டலடி. கடையில கயிறு வாங்கி நானே கட்டிக்கினேன்.”

நான் அவள் கழுத்தைப் பார்த்தேன்.

“அந்தக் காயிதத்துல இன்னா இருக்குன்னு எனக்கு முதல் வருசமே தெரியும். படிச்சுச் சொல்லித்தான் வாங்கினாங்க. செத்தவரு காசை வாங்கிக்கினு அவரு பேர்ல பொய் சொல்லக் கூடாதுன்னுதான் இவரு கையால கட்டிக்கல. கோயிலுக்குள்ளயே போவல.”

“அப்ப தெருவுல சொன்னது?”

“அது பொய்தான். தண்ணி புடிக்க வுடணுமே.”

நான் தலைகீழாக நினைத்திருந்தேன். தெருவுக்கு ஒழுக்கமாகத் தெரிந்தது பொய். தெரு காறித் துப்பக்கூடியது உண்மை. அது பிரெஞ்சில் அச்சாகி, ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. தாலி கட்டாத புருஷனோடு வாழ்கிறவளைப் பற்றி நானும் குழாயடியில் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் சரி என்றால் இவள் கெட்டவள் ஆகிறாள். எனக்குத் தெரிந்தவர்களில் ஒரு தாளுக்காக இவ்வளவு பார்த்து நடந்துகொண்ட ஆள் வேறு யாரும் இல்லை.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர், கீழே ஒரு கோடு. பார்க்க நன்றாகவே இருந்தது. வெளியே வந்ததும் தாத்தா எங்கள் இருவருக்கும் சோடா வாங்கித் தந்தார். அக்கா என்னிடம், யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. அந்த நம்பிக்கை எனக்குக் கையெழுத்தைவிடப் பெருமையாக இருந்தது.

வீட்டில் அம்மா எனக்காகச் சாப்பிடாமல் இருந்தாள். எங்கள் வீட்டில் ஒருவர் அரசாங்கத் தாளில் பெயர் எழுதியது அன்றுதான் முதல் தடவை. தட்டு வைத்த கையோடு கேட்டாள்: “அதுல இன்னா எழுதியிருந்துச்சு?”

“அக்கா உசுரோட இருக்காங்கன்னு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

அம்மாவிடம் நான் விவரம் தெரிந்து சொன்ன முதல் பொய். சோற்றைப் பிசைந்தபடி, நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

அம்மா குழம்பை ஊற்றினாள். “நல்ல வேள. படிச்ச புள்ளயாச்சே, எதனா கேட்டு வெச்சி அவ பொழப்பக் கெடுத்துடுவியோன்னு காலையிலேர்ந்து பயந்துக்கினு இருந்தேன்” என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். “இன்னா பாக்கற? திருவிழாவுக்கு மொத நாளு கயிறு வாங்குனப்ப கூட நின்னவ நான்தான்.”

ஊருக்கு முன்னால் ஆலம் சுற்றியவளும் அவள்தான். சொல்லிக்காட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் நடுத்துண்டு மீனை என் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு வால் பக்கத்தை எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் வேறு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.