அக்கா வீட்டுக்குக் கடலோரமாக

போன வாரம் போளூர் சந்தைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போனவள், நெத்திலிக் கருவாட்டுக் கடைக்கு எதிரே நின்றுவிட்டேன். கருவாடு விற்கிற அம்மா, "இன்னா தாயி, எடுக்கறியா, மோந்து பாத்துட்டே போயிடுவியா?" என்று கேட்ட பிறகுதான் கால் நகர்ந்தது. அந்தம்மா சொன்னதில் தப்பே இல்லை. நான் மோந்து பார்க்கத்தான் நின்றேன். எங்கள் அக்காவின் பை அப்படித்தான் வாசம் அடிக்கும்.

அக்கா யாரென்று சொல்லாமல் பையைப் பற்றிப் பேசுகிறேன் பாருங்கள். எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் உள்ளே தள்ளி. அங்கிருந்து நர்ஸ் படிக்கக் கீழே இறங்கிய முதல் பெண் அவள். வேலை வேதாரண்யம் பக்கம் கிடைத்தது. அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு குடியும் ஆகிவிட்டாள். லீவுக்கு வரும்போது பை நிறையக் கருவாடு கொண்டுவருவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் அவளைத் திட்டிக்கொண்டேதான் மலையேறியிருப்பார்கள். எங்கள் ஊர் நாய்களுக்கோ அவள் வரும் நாள்தான் திருவிழா. வீட்டு வாசல் வரை கூடவே வரும்.

புளி நாளில் வந்தாளென்றால் இன்னும் விசேஷம். வீடெல்லாம் புளி கொட்டிக் கிடக்கும். அம்மா, அக்கா, நான் மூவரும் உட்கார்ந்து கொட்டை எடுப்போம். அக்கா அந்தக் கொட்டைகளையே தரையில் வரிசையாக வைத்து ரோடு போடுவாள். இது போளூர். இது திண்டிவனம். இது மரக்காணம், இங்கே உப்பளம், இதுக்கு மேல் கடல் கூடவே வரும். பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, அப்புறம் அவள் வீடு. எங்கே டீ, எங்கே சாப்பாடு, எங்கே இறங்கிக் கால் நனைப்பது என்று எல்லாம் முடிவு செய்துவிடுவாள்.

"பஸ்ஸெல்லாம் வேணாம்மா. தனி வண்டி வெச்சி, கடலோரமாவே உன்னக் கூட்டினு போவணும்."

"ரோட்டோரமாவே தண்ணின்னா, கைப்பிடிச் சுவரு கட்டிக்கீறாங்களா?" என்று அம்மா கேட்பாள். மலை ரோட்டில் ஒரு பக்கம் பள்ளம் என்றால் சுவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அக்கா சிரித்துச் சிரித்துப் புளி மேலேயே சாய்வாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். கடலூரையும் காரைக்காலையும் ஒரே கையில் வாரி முறத்தில் போட்டு, "வேலையக் கெடுக்காதீங்கடி" என்பாள்.

அந்தப் புளியங்கொட்டைப் படிப்பை வைத்துக்கொண்டுதான் நான் பிற்பாடு போளூரில் ஒரு டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்தேன். போன் எடுப்பதும், டூர் போகிறவர்களுக்கு ரூட் சொல்வதும் என் வேலை. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் மரக்காணத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று கலசப்பாக்கத்துக்காரர்களுக்கு வர்ணிப்பேன். ஒருமுறை ஒரு பெரியவர், "கடலு எந்தப் பக்கம் வரும்மா? அந்தப் பக்கமா சீட்டு போடு" என்றார். வலது பக்கம் என்று அடித்துச் சொன்னேன். நான் எப்போதும் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்துதான் அந்த ரோட்டைப் பார்த்திருக்கிறேன், எனக்கு எல்லாமே தலைகீழ். வேன் முழுக்க வலது பக்க சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அந்தப் பெரியவர் நேராக ஆபீசுக்கு வந்து, "நாலு நாளா தென்னமரத்தப் பாத்துக்கினு போனோம் தாயி, ரொம்ப சந்தோசம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். முதலாளி சிரித்துவிட்டார், நான் பிழைத்தேன்.

அங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரையே கட்டிக்கொண்டேன். பிறகு சொந்தமாக வேனும் வாங்கினோம். இனி என்ன தடை, கிளம்ப வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியாது.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல் முறை போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது. மலையில் அது பெரிய மானக்கேடு. சாமை வேண்டும், கொள்ளு வேண்டும், புளி வேண்டும், தேன் வேண்டும், காலமென்றால் பலாவும் வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது, நம் கொல்லையில் விளைந்ததாக இருக்க வேண்டும். சாமை அறுப்பு முடிந்தால் புளி காய்த்திருக்கும். புளி உலுக்கினால் கொள்ளு தீர்ந்திருக்கும். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது என்றால் மழை பிடித்துக்கொண்டு விதைக்கிற நாள் வந்துவிடும். "கைய வீசினு போவச் சொல்றியா? ஆவட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்." போதாததற்கு, இறங்குகிற ரோட்டில் நாலு வளைவு தாண்டினாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, வண்டி கண்டுபிடித்தவனை வைவாள். அக்காதான் வருகிறாளே என்ற தைரியம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

போன வருஷம் அக்கா வரவில்லை.

தையில் எனக்கு மட்டும் போன் செய்தாள். வயிற்றில் புற்று, மற்ற இடத்துக்கும் பரவிவிட்டது, மருந்தை நிறுத்தியாகிவிட்டது என்று யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மாவக் கூட்டினு வா பாப்பா. நாம பேசின மாதிரியே, கடலோரமா. ஆனா விசயத்தச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"எப்பிடிக்கா சொல்லாம இருக்கறது?"

"சொன்னா அழுதுகினே வரும். அது சிரிச்சிகினு வந்து எறங்கறத நான் பாக்கணும்."

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? வாராவாரம் மலையேறினேன். அம்மாவோ வாழ்நாளில் முதல்முறையாக உற்சாகமாகிவிட்டாள். ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியை வேளாங்கண்ணிக்குக் கூப்பிட்டுவிட்டாள். புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். சாமையைத் திரும்பக் குத்திப் புடைத்தாள். ஆனால் மரத்தில் புளி இருக்கிறது, உலுக்கிவிட்டுத்தான் கிளம்புவாளாம். நான் பொய் மேல் பொய்யாக அடுக்கினேன். வண்டி பிறகு கிடைக்காது என்றேன், வெயில் ஏறிவிடும் என்றேன். எதுவும் ஏறவில்லை. "போன்ல மூஞ்சியே காட்ட மாட்றா உங்க அக்கா. வெறும் பேச்சோட சரி" என்று அவள் குறைபட்டுக்கொண்டபோது டவர் சரியில்லை என்றேன். அக்கா காட்டமாட்டாள். நான் ஒருமுறை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், காட்டும்படியாக அந்த முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "புளி எங்கயும் ஓடிடாதும்மா!"

"உங்க அக்கா மட்டும் ஓடிடுவாளா? உலுக்கிட்டுப் போலாம் இரு."

நான் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. சத்தியத்தை மீறினால் அக்காவின் ஆசை போகும். மீறாவிட்டால் அக்காவே போய்விடுவாள். ரூட் சொல்லியே பிழைத்தவளுக்கு அன்றைக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அடுத்த வாரம் மாமாவிடமிருந்து போன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், அதிகம் பேசாதவர். "கடலோரமெல்லாம் சுத்திக்கிட்டு வராதம்மா. கும்பகோணம் வழியா நேரா வந்துருங்க. நீங்க கடலோரமா வரலன்னு உங்க அக்காகிட்ட நான் சொல்லல." உடனே வேனை எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் மேலே போனோம்.

அம்மா மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரோட்டு வேலை நடக்கிறது, கடலோரமாகப் போக முடியாது, வேறு வழியில் இன்றைக்கே போய்விடலாம் என்று ஒப்பித்தேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியருகே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"தையிலிருந்தும்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. மடியிலிருந்த புளியை அப்படியே கீழே உதறினாள். உள்ளே மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள், ஒன்றைக்கூடத் தொடவில்லை. சேலைகூட மாற்றாமல் வந்து வேனில் ஏறி, "போவச் சொல்லு" என்றாள். வழியெல்லாம் வாந்தி. நிறுத்தவா என்று கேட்டபோதெல்லாம் கையை முன்னால் ஆட்டினாள்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டு வாசலுக்குப் போகுமுன், தெருமுனையிலேயே அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். இறங்கி, சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்காவைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். "வந்துட்டியாம்மா? கடலப் பாத்தியா?" என்றாள்.

"பாக்காம? காலையிலேர்ந்து அதையே பாத்துக்கினுதான்டி வர்றேன். எம்மாந் தண்ணி!" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு வலிக்குது போ."

அக்கா சிரித்தாள். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்றாள். அம்மா அன்றைக்கும் மறுநாளும், பார்க்காத கடலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கு மறுநாள் கேட்க அக்கா இல்லை.

அக்கா வீட்டிலிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு, பார்த்துவிட்டு வரலாமா என்று மாமா கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். இந்த வருஷமும் புளி உலுக்கியாயிற்று. அம்மா தனியாக உட்கார்ந்து கொட்டை எடுக்கிறாள். அடுத்த வருஷம் போகலாம் என்று எதைப் பற்றியும் அவள் இப்போது சொல்வதில்லை.