சித்தப்பாவுக்கு நான் அரைத்த கீழாநெல்லி

என் சித்தப்பாவின் ஈரலைக் கெடுத்தவள் நான். பாதியை அவர் சாப்பிட்ட மாத்திரை செய்தது, மீதியை நான் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

ஜோகூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை எனக்கு. மருந்தால் கெடும் ஈரலைக் கீழாநெல்லிச் சாறு காக்குமா என்று எலிகளில் சோதித்துக்கொண்டிருந்தோம். முதலில் ஏழு நாள் சாறு கொடுப்போம். அதன் பிறகுதான் ஈரலைக் கெடுக்கும் அளவுக்குக் காய்ச்சல் மருந்து. இந்த வரிசையை நீங்கள் மறக்க வேண்டாம். நான் மறந்தேன்.

முடிவு வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை! சாறு குடிக்காத எலியின் ஈரல் வெளுத்துப் புள்ளி புள்ளியாய்ச் செத்துக் கிடந்தது. குடித்த எலியுடையதோ பளபளவென்று இருந்தது. வேலியோரம் யாரும் சீண்டாமல் முளைக்கிற செடி! யோங் பெங் ஊர் வரும்வரை பஸ்ஸில் எனக்கு நானே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அங்கே சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுபவர் அவர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தினமும் அவர் விழுங்குவதைப் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போடும் பொறுப்பைக் கிளினிக்கில் என்னிடம் கொடுத்திருந்தார்கள். கண் மஞ்சளானால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைத்து வரச் சொன்னதும் என்னிடம்தான்.

மறுநாள் காலை அவர் கண் மஞ்சளாய் இருந்தது. பயந்திருக்க வேண்டியவள் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் துள்ளினேன்!

"சித்தப்பா, கிளினிக்குப் போனா மாத்திரைய நிறுத்திருவாங்க. கீழாநெல்லி அரைச்சுத் தரேன். அதக் குடிச்சுக்கிட்டே மாத்திரையும் போடுங்க. எலிக்கெல்லாம் அருமையா வேல செஞ்சிருக்கு."

"நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரிதான் லா," என்றவர், யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பத்து நாள் அரைத்துக் கொடுத்தேன். பத்து நாளும் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எலிகளுக்குச் சாறு முன்னால் போனது, இவருக்கோ ஈரல் கெட்ட பிறகு. மருந்தும் வேறு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த ஆசை... ஒரு மனுஷனிடம் பலிப்பதைப் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை! அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பதினோராம் நாள் சித்தப்பா நினைவு தடுமாறி, என்னையே யாரென்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கண் எப்போதிருந்து மஞ்சள் என்று டாக்டர் கேட்டார்.

"நேத்துதான்," என்றேன். கையெழுத்து நிறைந்த அட்டை என் பைக்குள் இருந்தது.

ஒரு மாதம் வார்டில் கிடந்து பிழைத்து வந்தார். லாரி ஓட்ட இனி உடம்பு இடம் கொடுக்காது. கொடுமை என்னவென்றால், தன்னைக் காப்பாற்றியதே கீழாநெல்லிதான் என்று நம்புகிறார்! பெயிண்ட் டின்களில் வரிசையாக வளர்க்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் என் பெருமைதான்.

போன ஞாயிறு எதிர்வீட்டு அண்ணனுக்கும் அதே மாத்திரைகள் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு கட்டு பறித்துக்கொண்டு போனார். அவர் குரல் எங்கள் ஜன்னல் வரை கேட்டது.

"கண்ணு மஞ்சளானா பயப்படாதீங்க. கிளினிக்கெல்லாம் வேணாம். எங்க பாப்பா சொன்னது."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"அண்ணே, இதக் குடிக்காதீங்க. கண்ணு மஞ்சளானா மாத்திரைய நிறுத்திட்டு அன்னிக்கே கிளினிக்குப் போயிருங்க."

"அப்ப ஒங்க சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் மாத்திச் சொன்ன?"

சித்தப்பாவும் என்னைப் பார்த்தார். சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது... வாய் வரை வந்தது.

"அவருக்கு... அது வேற மாதிரி," என்றேன்.

"ஆமா லா, அது வேற. பாப்பாவுக்குத் தெரியாததா?" என்று சிரித்தபடி, அந்தக் கட்டை என் கையில் கொடுத்தார் சித்தப்பா. வாங்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன்.