பயம் என்று எழுதிய அங்பாவ்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களை என்னால் இன்றைக்கும் ஒருவர் விடாமல் சொல்ல முடியும். போதகர் ஐயா, போதகரம்மா, ஏலம் கூறிய சபைச் செயலாளர், என் கணவரின் அண்ணன், அவர் மனைவி, என் கணவர், என் மகள், நான். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் சபையார். அவர்களில் மூன்று பேர் சமையல்கட்டு வாசலில் கரண்டியும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆக நாற்பத்தாறு பேர். சாப்பாட்டுப் பொட்டலம் குறைந்துவிடுமோ என்று மூன்று முறை தலை எண்ணியவள் நான்தான், கணக்குத் தப்பாது. அந்த நாற்பத்தாறு பேருக்கு நடுவில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல், என் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

என் பூசணிக்காய் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், நிர்வாகம் தந்த எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் நான் போட்ட கொடி அது. காய் நல்ல கனம். ஆனால் தரையில் கிடந்த பக்கம் சப்பையாகிப் போயிருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு முதல் காயைக் கொண்டுபோய் வைப்போம் என்று சொன்னவளும் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அந்த ஏலம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் விளைந்தது, சமைத்தது, வளர்த்தது என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பத்து முட்டை இருநூறு வெள்ளிக்குப் போகும். யாரும் முட்டைக்காக எடுப்பதில்லை, அது காணிக்கை. காணிக்கையோடு கொஞ்சம் கௌரவமும் கலந்திருக்கும். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம்.

நான் ஆரம்பப் பள்ளி முடிந்து, புகுமுக வகுப்பு ஒரு வருடத்தோடு படிப்பை நிறுத்தியவள். அப்பா கையில் சம்பளம் வந்தால் மூன்று நாள் வீட்டில் கறி, மற்ற நாளெல்லாம் கடைக்காரருக்கு ஒளிந்து திரிவது என்று வளர்ந்ததால், சின்ன வயதிலேயே கவலை என் உடம்போடு ஒட்டிக்கொண்டது. மழை பெய்தால் கூரை, வெயில் அடித்தால் கிணறு, ஒன்றும் இல்லையென்றால் ஏன் ஒன்றும் இல்லை என்று ஒரு கவலை. கல்யாணத்துக்கு முன்னால் போதகர் ஐயா எங்கள் இருவரையும் நான்கு சனிக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஒரு சனிக்கிழமை முழுக்கக் காசுதான் பேச்சு. "ரெண்டு பேரும் ஒரே மாம்சம்னு ஆனப்பறம் ரெண்டு பர்ஸ் எதுக்கு? ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பத்துக் காசு வைக்கக்கூடாது" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த பேச்சு அது. ஒளித்துவைக்காத ஆம்பிளை ஒருவன் கிடைத்தால் வேறு என்ன வேண்டும் எனக்கு?

அந்த வார்த்தையை நாங்கள் காப்பாற்றினோம். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி, சம்பளம் வந்த அன்றே, சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்காருவோம். ஜெபம் பண்ணுவோம். பிறகு காசை எண்ணுவோம். சீனப் பெருநாளில் அவர் லோரி கொண்டுபோகும் இடங்களில் காசு வைத்துக் கொடுத்த சிவப்பு அங்பாவ் உறைகளை நான் எறிவதில்லை. ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதி வைத்திருந்தேன். தசமபாகம், அரிசி, கரண்ட்டு, மகள் பள்ளி, அவருடைய கைச்செலவு. தசமபாகத்துக்கு மட்டும் மாதாமாதம் சண்டை வரும். சேமநிதி பிடித்தம் போகக் கைக்கு வருவதில்தான் பத்தில் ஒன்று என்பேன் நான். பிடிக்கும் முன்னால் உள்ள முழுத் தொகையில் என்பார் அவர்.

"கண்ணுல பாக்காத காசுக்கு எதுக்குங்க தசமபாகம்?"

"கண்ணுல பாக்காத கடவுளுக்குத்தான குடுக்கிறோம். ரெண்டும் சரியாப் போச்சு, விடு லா."

இப்படிச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அது அவருடைய வித்தை. சண்டை பாதியில் நிற்கும், காசு அவர் சொன்ன பக்கம் போகும்.

ஆனால் ஓர் உறையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் 'பயம்' என்று எழுதியிருந்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏதாவது வரும், அப்போது இருக்கவேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ல எல்லாரும் புள்ளைக்கு அங்பாவ் குடுப்பாங்க. இவ பயத்துக்கு அங்பாவ் குடுக்கிறா." கேலி செய்தாரே தவிர, ஒரு மாதமும் அதில் போடாமல் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் கூட்டும் வேலையில் எனக்குக் கிடைத்ததும், தன் அண்ணனுடைய லோரியில் செம்பனைக் குலை ஏற்றி அவருக்குக் கிடைத்ததும் சேர்ந்து, பத்து வெள்ளி இருபது வெள்ளியாக, அந்த உறையில் இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளி சேர்ந்திருந்தது. பண்டிகைக்கு முந்தின ஏழாம் தேதி இருவரும் சேர்ந்துதான் எண்ணினோம்.

இப்போது கூடத்துக்கு வருகிறேன். செயலாளர் என் காயைத் தூக்கிக் காட்டினார். யாரும் வாய் திறக்கும் முன்பே என் கணவரின் அண்ணன் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "அஞ்சு வெள்ளி! பூசணிக்காயா அது? பஞ்சரான டயர் மாதிரியில்ல இருக்கு." கூடமே சிரித்தது. செயலாளர் சிரித்தார், போதகரம்மா கையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டால் முடிந்துபோகும் என்று நினைத்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. "அம்பது" என்றார்.

அண்ணனுக்கு மூன்று லோரி. அதில் ஒன்றை ஓட்டுகிறவர் இவர். அண்ணன் "நூறு" என்றார். இவர் "இருநூறு." முதலில் விளையாட்டுப்போலத்தான் ஏறியது. ஐந்நூறைத் தாண்டியதும் சமையல்கட்டுப் பெண்கள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். "டேய் தம்பி, வீட்ல கேட்டுக்கிட்டியாடா?" என்று அண்ணன் கத்தினார். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆயிரம் என்றார் இவர். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னாங்க, போதும்" என்றேன். அவர் திரும்பவே இல்லை. ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை இவர். உறையின் கணக்கு தெரிந்துதான் ஏறிக்கொண்டிருந்தார். அண்ணன் "ரெண்டாயிரத்து இருநூத்தி அம்பது" என்று சொன்னபோது, அடுத்து வரப்போகிற எண் அந்த நாற்பத்தாறு பேரில் இருவருக்கு மட்டும் தெரியும்.

"ரெண்டாயிரத்து முந்நூறு" என்றார் என் கணவர்.

அண்ணன் இன்னும் ஐம்பது சொல்லமாட்டாரா என்று நான் ஜெபித்தேன். உண்மையாகவே ஜெபித்தேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூடம் கை தட்டியது. என் கணவர் மேசைக்குப் போய்க் காயைத் தூக்கி வந்து என் மடியில் வைத்து, "என் பொண்டாட்டி வளத்த காய். அஞ்சு வெள்ளிக்கா போகும்?" என்றார். எத்தனை பெண்களுக்கு அன்று என்மேல் பொறாமையோ தெரியாது. எனக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிருந்தது.

ஏனென்றால் என் வீட்டில் அரிசி டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், ஆறு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்று எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருந்த சமயம். செர்காமில் கட்டிய மலிவு விலை வீட்டுக்கு எப்போதோ நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு மனுச் செய்திருந்தோம். அவர் அதை மறந்தே போனார். வீடு கிடைத்திருக்கிறது, பதினான்கு நாளில் இரண்டாயிரம் வெள்ளி முன்பணம் கட்டவேண்டும் என்று வியாழக்கிழமை கடிதம் வந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும் என்று வைத்திருந்தேன். சந்தோஷம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. செம்பனை ஆலையில் லோரி நிற்கிற வரிசை முழுக்கச் சொல்லிவிடுவார். கையில் வராததைச் சொன்னால் கைவிட்டுப் போகும் என்று எனக்கொரு பயம். பத்துக் காசு ஒளிக்கக்கூடாது என்ற வீட்டில் நான் ஒரு வீட்டையே ஒளித்துவைத்தேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் இதை எழுதுவதால் என் கோபம் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

அண்ணனுடைய லோரியில்தான் வீட்டுக்குத் திரும்பினோம். மகள் நடுவில், காய் என் மடியில். பாதி வழியில் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் லோரியை ஓரமாக நிறுத்தினார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

"ஐயாகிட்ட போய்ச் சொல்லலாம். ஆனா, அத்தன பேரு முன்னாடி சொன்ன சொல்லு..."

"அப்ப உங்க அண்ணன்கிட்ட கடனாக் கேளுங்க."

"அவன்கிட்ட மட்டும் கேக்கச் சொல்லாத லா."

மகள் அழத் தொடங்கினாள். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் சாயங்காலம் நானே போதகர் வீட்டுக்கு நடந்தேன். பாதிக் காசையாவது பிறகு தருகிறோம் என்று கேட்பதாக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போதகரம்மா கதவைத் திறந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரர் விசுவாசத்த நெனச்சு ஐயா ராத்திரி அழுதுட்டாரும்மா" என்றார். தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். என் கணவர் அதற்குள் காசைக் கட்டியிருந்தார். பதினான்கு நாள் போயிற்று, வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போயிற்று.

அந்தக் காயை நான் எறியவில்லை. இருபது துண்டு போட்டேன். ஒரு வாரம் சாம்பார், கூட்டு, பொரியல் என்று அதுதான் எங்கள் வீட்டில். பரிமாறும்போது, "சாப்பிடுங்க. ஒரு துண்டு நூத்திப் பதினஞ்சு வெள்ளி" என்பேன். அவர் தலை குனிந்து சாப்பிடுவார். ஒருநாள் மட்டும் மெதுவாக, "இன்னும் ஒரு நூத்திப் பதினஞ்சு போடு" என்றார். மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு தடவை அவருடைய வித்தை பலிக்கவில்லை.

அடுத்த ஏழாம் தேதி உறைகளை விரித்தபோது 'பயம்' காலியாக இருந்தது. நான் பேனாவை அவர் பக்கம் தள்ளி, "எழுதுங்க" என்றேன். "நம்ம காசு நம்ம கைய விட்டுப் போச்சு. இதுல யாரு யாருக்குக் கடன்?" என்றார். "எனக்கு நீங்க கடன்" என்றேன். உறையின் பின்பக்கத்தில் இரண்டாயிரத்து முந்நூறு என்று எழுதி, மாதம் ஐம்பது என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஐம்பதை அவருடைய கைச்செலவு உறையிலிருந்து எடுத்தார். சிகரெட்டை விட்டார். கடையில் ரொட்டி சாப்பிடுவதை விட்டு, பழைய சோற்றைக் கட்டிக்கொண்டு லோரிக்குப் போனார். போடுகிற ஒவ்வொரு மாதமும் உறையின் பின்னால் ஒரு கோடு இழுப்பார். அவர் மெலிந்ததைப் பார்த்தேன். போதும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோடு சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தை விட்டு செங் என்ற ஊரில் வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் ஃபேக்டரியில் சேர்ந்தேன். மாதாமாதம் வாடகை கட்டும்போதெல்லாம் செர்காம் வீடு என் கண்ணில் நிற்கும். ஒரு தடவை கல்யாணத்துக்குப் போகும் வழியில் அந்த வரிசையைக் கடந்தோம். எங்களுக்கு வந்த எண்ணுள்ள வாசலில் யாரோ ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அவர் சுற்றுவழியாகப் போனார்.

போன வருடம், ஆலை வாசலில் குலை இறக்குவதற்கு வரிசையில் காத்திருந்தபோது, ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்தபடி அவர் போய்விட்டார். அடக்கத்தன்று அண்ணன் எழுந்து நின்று சாட்சி சொன்னார். எதைச் சொன்னார் தெரியுமா? பூசணிக்காயைத்தான். "பொண்டாட்டி கொண்டாந்த காணிக்கைக்காக ரெண்டாயிரத்து முந்நூறு குடுத்தவன் என் தம்பி. அவன் மூஞ்சியப் பாத்துத்தான் நான் விட்டுக்குடுத்தேன்" என்றார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. அந்த மூஞ்சியை ஐம்பது வெள்ளியில் பார்த்திருக்கக்கூடாதா? ஐந்நூறில் பார்த்திருக்கக்கூடாதா? விட்டுக்கொடுக்க உனக்கு என் 'பயம்' உறை முழுதும் தீரவேண்டியிருந்ததா? கேட்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காத கேள்விகளோடு நாற்பத்தாறு பேரில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடப் பண்டிகைக்கு ஒரு டின் பால் மட்டும் கொண்டுபோய் வைத்தேன். "என்னக்கா, இந்த வருஷம் பூசணி இல்லியா?" என்று செயலாளர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். அதே மேசை, அதே வெள்ளைத் துணி. ஏலம் தொடங்கும் முன் எழுந்து வந்துவிட்டேன்.

ஏழாம் தேதி இப்போதும் மேசையில் உட்காருகிறேன். எதிர் நாற்காலியில் மகள் உட்காருகிறாள். அவள் இப்போது கிளினிக்கில் குமாஸ்தா. அவள் சம்பளத்தில் கொஞ்சம் 'பயம்' உறையில் போட வந்தாள். தடுத்துவிட்டேன். "அப்பாதான் இல்லையேம்மா. இந்தக் கவரக் கிழிச்சிட்டு, புதுசா ஒன்னு எழுது" என்றாள். ஒரே மாம்சம் என்றால் அவர் கடன் என் கடன்தானே, என் கடன் எனக்கே எப்படிக் கடனாகும் என்று அவள் நியாயம் பேசினாள். படித்த பிள்ளை. ஐயாவிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். எனக்கு அந்த நியாயம் வேண்டாம். அவர் கையெழுத்து அதில் இருக்கிறது. கடனைத் தள்ளிவிட்டால் அவரோடு எனக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும்?

உறையைத் திருப்பிக் கோடுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் கோணல். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது வந்திருக்கிறது. அவர் இன்னும் எனக்குத் தரவேண்டியது எழுநூற்று ஐம்பது வெள்ளி.