செர்பியாக்காரருக்குப் பொம்மிடியில் ஒரு பிளெக்ஸ்

ஓசூரிலிருந்து பல வருடம் கழித்து இன்று பொம்மிடி வந்தேன். ஸ்டேஷன் ரோட்டில் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ வெள்ளைக்காரருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. கீழே வரிசையாக உள்ளூர் முகங்கள், கூலிங்கிளாஸோடு. எல்லோருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.

கயிறு கட்டியவரிடம் கேட்டேன். “யாருங்க இது?”

“செர்பியாக்காரருங்க. எண்பதுகள்ல என்னா ஃபுட்பால் ஆடுனாரு! இப்ப ஒரு டீமுக்கு மேனேஜரு. எங்களுக்கு உசுருங்கக்கா.”

“இந்த ஊர்ல அவர உங்களுக்கு யாரு காட்டுனது?”

“எங்க கோச்சுதான். பத்திரிகைல வந்த படத்த வெட்டி, வூட்டுச் செவுத்துல ஒட்டி, இப்பிடி ஒதைங்கடான்னு சொல்லிக் குடுப்பாரு. பேருதான் வாய்ல வர மாட்டேங்குது. இப்ப இருக்காரோ என்னவோ.”

அது எங்கள் வீட்டுச் சுவர். மைதா பசை காய்ச்சிக் கொடுத்தது நான்.

போன மாசியில் அவர் இறந்தபோது இந்த ஊருக்கும் சொல்லி அனுப்பினோம். ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட ஒட்டவில்லை.

“இந்த முனையக் கொஞ்சம் புடிங்கக்கா” என்றார்.

பிடித்தேன்.

பிளெக்ஸில் சிரிக்கிற தம்பிகள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், என் வீட்டுக்காரர் பெயரைக் கீழே கமெண்டில் எழுதுங்கள்.

நான் சொல்ல மாட்டேன்.