தரவையில் கிடந்த இரண்டு முட்டைகள்

எனக்கு வாய் சும்மா இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாவகச்சேரிக்கு அப்பால் கடல்நீரேரிக் கரையில் ஒரு தரவை இருக்கிறது. மாடு மேய்வதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாத வெட்டை. சித்திரை மாதக் காலையொன்றில் அங்கேதான் அந்தப் பறவையைக் கண்டேன். கோர்சர் என்பார்கள். செம்மண் நிற நெஞ்சு, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, நெடுங்கால். நாலெட்டு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இத்தனை வருடம் பறவை பார்த்தும் குடாநாட்டில் அதை நான் கண்டதில்லை. அது வெறுந்தரையில் போய் அமர்ந்தது. எழும்பியபோது பைனாகுலரில் பார்த்தேன். ஐயோ, முட்டை! காய்ந்த சாணியின் நிறத்தில் இரண்டு. தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

பறவை பார்க்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சட்டம் உண்டு. பறவையை எங்கே கண்டோம் என்று போடலாம். முட்டையோ கூடோ என்றால் இடம் போடக்கூடாது. நானே சண்டை பிடித்துக் கொண்டுவந்த சட்டம். அதனால் குழுவில் படத்தை மட்டும் போட்டேன். ஆனால் அன்று பின்னேரமே, பல வருடம் என்னோடு கரையெல்லாம் திரிந்த ஓர் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். சொல்லாவிட்டால் மண்டை வெடித்திருக்கும்.

“உங்களுக்கு மட்டும் சொல்லுறன் அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“சீச்சீ, நான் ஏன் பிள்ளை சொல்லுறன்?”

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் டியூஷன் வகுப்பை முடித்துக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. தரவையோரம் மோட்டார் சைக்கிள்கள், ஒரு வான். கமராக்காரர் அரைவட்டமாகப் படுத்துக் கிடந்தார்கள். நடுவில் முட்டைகள், மேலே வெயில். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத மண். பறவை அலகைத் திறந்தபடி ஓடி வரும், யாராவது அசைவார்கள், திரும்பி ஓடும்.

“கோதாரி விழுவாரே, எழும்புங்கோ! முட்டை அவியுது!” என்று கத்தினேன்.

“சத்தம் போடாதேங்கோ அக்கா, பறவை பயப்பிடுது” என்றார் ஒருவர்.

“எப்ப வந்தனீங்கள்?”

“விடியவே வந்திட்டம்.”

எல்லோரையும் றோட்டுவரை கலைத்தேன். பறவை வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. அண்ணை ஒரு மோட்டார் சைக்கிளோடு ஒதுங்கி நின்றார்.

“ஏன் அண்ணை சொன்னனீங்கள்?”

“நான் ஒராளுக்கு மட்டுந்தான் பிள்ளை சொன்னனான்” என்றார். பிறகு மெதுவாக, “நீங்களும் ஒராளுக்குத்தானே சொன்னனீங்கள்” என்றார்.

அதன்பிறகு தினமும் போய்த் தூர நின்றேன். ஒரு குஞ்சாவது வெளியே வரட்டும் என்று நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தேன். குழுவில் படங்கள் குவிந்தன. அலகு திறந்து நின்ற படத்துக்குத்தான் அதிகக் கைதட்டல். வெக்கை தாங்காமல் நின்ற பிராணிக்குக் கைதட்டுகிறார்களே, விசர்க் கூட்டம்! பொரிக்க வேண்டிய நாள் போயிற்று. மேலும் ஒரு கிழமை போயிற்று. அது எழும்பவில்லை. பொழுது ஏற ஏற அலகைத் திறந்துகொண்டு, முட்டைகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டே இருந்தது. “எழும்பிப் போவன், உள்ளுக்கை ஒண்டுமில்லையடி” என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஒரு காலை பறவை இல்லை. முட்டைகள் மட்டும் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினேன். தண்ணீராய்க் குலுங்கியது. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

அப்போது ஃபோனில் ஒரு செய்தி வந்தது, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து. “அக்கா, இடத்தை எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

நான் குழுவைத் திறந்து, எல்லோருக்குமாக அந்த இடத்தை வரைபடத்தோடு போட்டேன். கீழே எழுதினேன்: “எல்லாரும் வாங்கோ. இனி எவ்வளவு நேரமும் நிண்டு படம் எடுக்கலாம்.”