புள்ளி இல்லாத தெரு

நெல்லித்தோப்பில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால், குடிநீர் ஊழியருக்குப் போன் செய்வது நான்தான். எனக்குத் தெரிந்தவர். உடனே வந்து பழைய குழாயை ஒட்டிவிட்டுப் போவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மழையில் தண்ணீரில் சாக்கடை நாற்றம். பக்கத்து வீட்டு பிலோமினா, "ஆன்லைன்ல கம்ப்ளைன்ட் போடட்டுமாக்கா?" என்றாள்.

"எதுக்குடி? ஒரு போன் போட்டா வந்துடப் போறாரு" என்று தடுத்துவிட்டேன். அவரும் வந்து ஒட்டிவிட்டுப் போனார்.

சில வாரங்களில் அவள் கணவருக்கு மஞ்சள் காமாலை. கோரிமேடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆத்திரத்தோடு அவளையும் அழைத்துக்கொண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போனேன். "பக்கத்துத் தெருவுக்கெல்லாம் புதுக் குழாய் போட்டீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் சார் இல்ல?" என்று கத்தினேன்.

அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கும் ஊர் வரைபடம். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

"புள்ளி அதிகமா இருக்கிற தெருவுக்குத்தாம்மா முதல்ல. உங்க தெருவுல நல்ல தண்ணி வருதுன்னுல்ல நெனச்சோம்?"

பிலோமினா என்னைப் பார்த்தாள்.

அவள் கணவர் பிழைத்துவிட்டார். சேதராப்பட்டு கம்பெனி வேலைக்குப் போகத்தான் இன்னும் தெம்பில்லை.

இப்போது தண்ணீர் கலங்கினால் முதலில் புகாரைப் பதிகிறேன், பிறகுதான் போன். வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் பதியச் சொல்கிறேன். பிலோமினாவிடம் மட்டும் சொல்வதில்லை. எங்கள் தெருவின் முதல் புள்ளி, அலுவலகத்துக்குப் போன அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் போட்டது.